பாலிலிருந்து எடுத்த பெப்டைடு தூக்க மாத்திரைக்கு மாற்றாகுமா?

உறங்காவிழி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நெடுநாளாக இங்கே படிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் முறை.

மூன்று ஆண்டுகளாக இரவில் குளோனாசெபாம் 0.5 மி.கி. எடுத்துக்கொள்கிறேன். அம்மா காலமான பிறகு நெஞ்சுப் படபடப்பும் தூக்கமின்மையும் வந்தன. ஒரு மாதத்துக்கென்றுதான் மருத்துவர் எழுதிக் கொடுத்தார். அந்த ஒரு மாதத்தை மூன்று ஆண்டுகளாக நீட்டியது நான்தான். இப்போது அதிலிருந்து வெளியே வந்துவிட வேண்டும் என்று மனம் துடிக்கிறது.

உடன் பணிபுரியும் ஒருவர், பாலிலிருந்து எடுக்கப்படும் பெப்டைடு (புரதத்தின் சிறு துண்டு) கேப்சூல் ஒன்று இருக்கிறது, மூளையில் இந்த மாத்திரை வேலை செய்யும் அதே இடத்தில்தான் அதுவும் வேலை செய்கிறது, ஆனால் பழக்கமாகாது என்றார். தேடிப் பார்த்தேன். ஆல்பா கேசோசெபைன் என்ற பெயர் கிடைத்தது. பெயரே மாத்திரையின் பெயரைப் போலத்தான் ஒலிக்கிறது. வரும் திங்கட்கிழமை முதல் மாத்திரையை நிறுத்திவிட்டு இதைத் தொடங்கலாமா? பயன்படுத்தியவர்கள் சொல்லுங்கள்.

—

தென்றல்மொழி எழுதியது:

வணக்கம் அக்கா. நான் பயன்படுத்தியிருக்கிறேன். எனக்குப் பலன் கிடைத்தது, அதை ஒளிக்காமல் சொல்கிறேன். வேலை மாற்றமும் வீடு மாற்றமும் ஒரே நேரத்தில் வந்தபோது படுத்தவுடன் நாளைய வேலைகள் வரிசையாக வந்து தலைமாட்டில் நிற்கும். தினம் 150 மி.கி. எடுத்தேன். முதல் வாரம் எதுவும் தெரியவில்லை. மூன்றாவது வாரத்தில் ஒரு நாள், நேற்று எத்தனை மணிக்குத் தூங்கினேன் என்றே நினைவில்லை என்பதைக் கவனித்தேன். அந்த மறதியே எனக்குப் பெரிய வரமாக இருந்தது. காலையில் தலை பாரமோ மந்தமோ இல்லை.

ஆனால் நான் வேறு மாத்திரை எதுவும் எடுத்துக்கொண்டிருக்கவில்லை. உங்கள் நிலை வேறு.

—

மருந்தகத்தார் எழுதியது:

சகோதரி, திங்கட்கிழமை மாத்திரையை நிறுத்தாதீர்கள். மற்ற எதையும் படிக்காவிட்டாலும் இந்த ஒரு வரியைப் படியுங்கள்.

மருந்தாளுநராக இருபது ஆண்டுகள் கழித்திருக்கிறேன். குளோனாசெபாம் பென்சோடயாசெபைன் வகையைச் சேர்ந்தது. மூளையில் நரம்புகளின் வேகத்தைத் தணிக்கும் காபா என்ற வேதிப்பொருளின் கையை இது வலுப்படுத்துகிறது. மூன்று ஆண்டுகள் இப்படி வெளியிலிருந்து துணை கிடைத்தால், மூளை தன் பக்கத்துத் தடுப்புகளைத் தளர்த்திக்கொள்கிறது. ஒரே நாளில் துணையை இழுத்துவிட்டால் தூக்கம் கெடுவதோடு நிற்காது. நடுக்கம், வியர்வை, கடும் பதற்றம் வரலாம், சிலருக்கு வலிப்பே வரலாம். அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2020-இல் இந்த வகை மருந்துகள் அனைத்துக்கும் கட்டமிட்ட எச்சரிக்கையை விரிவாக்கி, உடல் பழகிப்போவதையும் திடீர் நிறுத்தத்தின் ஆபத்தையும் அதில் சேர்த்தது. சும்மா சேர்க்கவில்லை.

அந்தக் கேப்சூல் நல்லதா கெட்டதா என்பது தனிப் பேச்சு. அது குளோனாசெபாம் விட்டுச்செல்லும் இடத்தை நிரப்பும் என்று எந்த ஆய்வும் காட்டவில்லை. நம்பி நிறுத்துபவர்தான் விழுவார்.

—

உறங்காவிழி எழுதியது:

ஐயா, உங்கள் பதிலைப் படித்ததும் கை சில்லிட்டது. இதை எழுத வேண்டாம் என்று நினைத்திருந்தேன், இப்போது எழுதிவிடுகிறேன். சென்ற மாதம் யாரிடமும் சொல்லாமல் நானே இரண்டு இரவுகள் மாத்திரையை விட்டுப் பார்த்தேன். மூன்றாம் நாள் வகுப்பில் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தேன். 'ழ' எழுதும்போது சுழி வரவில்லை. சுண்ணக்கட்டி பலகையில் தடதடவென்று தட்டியது. முன்வரிசையில் இருந்த ஒரு பெண், 'டீச்சர், உங்களுக்குக் குளிருகிறதா?' என்று கேட்டாள். அன்று இரவே மாத்திரையைப் போட்டுக்கொண்டேன். என் பழைய பதற்றம் திரும்பிவிட்டது, எனக்கு இந்த நோய் தீராது என்றுதான் நினைத்து அழுதேன்.

—

மருந்தகத்தார் எழுதியது:

அது உங்கள் பழைய நோய் அல்ல. கைநடுக்கம் மருந்து விலகியதன் அடையாளம். இதை அப்படியே உங்கள் மருத்துவரிடம் சொல்லுங்கள், அந்த 'ழ' வரைக்கும் சொல்லுங்கள். அவர் அளவைப் படிப்படியாகக் குறைப்பார். இப்போதைய வழிகாட்டுதல்கள் இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு ஒரு முறை 5 முதல் 10 விழுக்காடு குறைப்பதிலிருந்து தொடங்கச் சொல்கின்றன. மாதக்கணக்கில் ஆகும். ஆகட்டும். மூன்று ஆண்டுகள் ஏறிய மலையை ஒரே தாவலில் இறங்க முடியாது.

—

புரதப்பித்து எழுதியது:

உயிர்வேதியியல் ஆய்வு மாணவன் நான். பால் புரதங்கள்தான் என் பாடம் என்பதால் இந்த இழையைக் கடந்துபோக முடியவில்லை. நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பசும்பாலின் புரதத்தில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு கேசீன். கேசீன் ஒரே பொருள் அல்ல, ஒரு குடும்பம். அதில் ஆல்பா எஸ்1 கேசீன் என்ற உறுப்பினர் 199 அமினோ அமிலங்கள் கோத்த ஒரு மாலை. டிரிப்சின் என்ற நொதி, அந்த மாலையில் லைசின், ஆர்ஜினின் என்ற இரண்டு மணிகள் வரும் இடங்களுக்கு அடுத்து வெட்டும். அப்படி வெட்டும்போது 91-ஆம் மணி முதல் 100-ஆம் மணி வரை பத்து மணிகள் கொண்ட ஒரு துண்டு விழுகிறது. டைரோசினில் தொடங்கி ஆர்ஜினினில் முடியும் அந்தத் துண்டுதான் ஆல்பா கேசோசெபைன்.

பிரான்சில் நான்சி நகர ஆய்வாளர்கள் இதன் பதற்றம் தணிக்கும் தன்மையை 2001-இல் வெளியிட்டார்கள். பென்சோடயாசெபைன்கள் ஒட்டிக்கொள்ளும் ஏற்பியில் இதுவும் ஒட்டுவதைக் கண்டதால்தான் அந்தப் பெயர் வந்தது. அக்காவின் நண்பர் 'அதே இடம்' என்று சொன்னதற்கு வேர் இதுதான். பொய் அல்ல. ஆனால் அந்தக் கதையின் மறுபாதி விளம்பரங்களில் வருவதில்லை: சோதனைக் குழாயில் இந்தத் துண்டின் பிடிப்பு, டையாசெபாம் என்ற பென்சோடயாசெபைன் மாத்திரையின் பிடிப்பைவிட ஏறத்தாழ பத்தாயிரம் மடங்கு பலவீனமானது. ஒரே பூட்டுக்குள் நுழைகிறது என்பதால் இரண்டும் ஒரே சாவி ஆகிவிடாது.

இத்தனை பலவீனமான பிடிப்பு இருந்தும் எலிகளில் பதற்றம் குறைவது தெரிகிறதே, அது எப்படி என்பதுதான் என்னைத் தூங்கவிடாத கேள்வி. பத்து மணி நீளமுள்ள துண்டு குடலைத் தாண்டி முழுதாக இரத்தத்துக்கு வருவதே கடினம். குடல் சுவர் இரண்டு, மூன்று அமினோ அமிலங்கள் கொண்ட சிறு துண்டுகளைத்தான் தாராளமாக உள்ளே விடுகிறது. இந்தத் துண்டின் முதல் மூன்று மணிகளான டைரோசின், லியூசின், கிளைசின் மட்டும் சேர்ந்த முப்பெப்டைடுக்கே சுண்டெலிகளில் பதற்றம் தணிக்கும் விளைவு காணப்பட்டிருக்கிறது. அங்கே செரடோனின், டோபமைன், காபா என்ற மூன்று மூளை வேதிப்பொருள்களின் பாதைகளும் சம்பந்தப்படுகின்றன. முழுத் துண்டைக் கொடுத்தபோதும், சுண்டெலி மூளையில் விழித்தெழுந்த பகுதிகள் டையாசெபாம் கொடுத்தபோது கண்டவற்றோடு ஒத்துப்போகவில்லை. அதனால் 'இயற்கையான டையாசெபாம்' என்று இதை அழைப்பது தவறு என்பதே என் கருத்து. இது வேறு வழியில் நடக்கும் வேறு பொருள்.

—

இராப்பணி எழுதியது:

தம்பி, ஒரு எளிய கேள்வி. பாலில்தானே இருக்கிறது? படுக்கும் முன் ஒரு டம்ளர் பாலைக் குடித்துவிட்டால் போதாதா?

—

புரதப்பித்து எழுதியது:

நல்ல கேள்வி அண்ணா. கணக்குப் போட்டே பார்ப்போம். ஒரு லிட்டர் பசும்பாலில் ஏறத்தாழ 10 கிராம் ஆல்பா எஸ்1 கேசீன். கால் லிட்டர் டம்ளரில் 2.5 கிராம். 199 மணிகளில் 10 மணிகள் நமக்கு வேண்டிய துண்டு என்றால், எடையில் ஐந்து விழுக்காட்டுக்குச் சற்று மேல். ஆக ஒரு டம்ளர் பாலுக்குள் ஏறத்தாழ 130 மி.கி. ஆல்பா கேசோசெபைன் பூட்டிக் கிடக்கிறது. கேப்சூலை எடுங்கள். 150 மி.கி. என்று அட்டையில் போட்டிருப்பது நொதியால் வெட்டிய கேசீன் தூள் முழுவதன் எடை. அதில் இந்தத் துண்டு இரண்டு விழுக்காட்டை ஒட்டித்தான் இருக்கும், அதாவது மூன்று மில்லிகிராம்.

அப்படியானால் பால்தானே வெல்ல வேண்டும்? இல்லை. மாலை நம் வயிற்றில் முதலில் சந்திப்பது டிரிப்சினை அல்ல, பெப்சினை. பெப்சின் வேறு இடங்களில் வெட்டும். பிறகு சிறுகுடலில் டிரிப்சின் வரும்போது நமக்கு வேண்டிய பத்து மணிகள் வரிசை குலையாமல் மிஞ்சுவது அரிது. கேப்சூலில் அந்த வெட்டை ஆலையிலேயே டிரிப்சினால் செய்து முடித்துவிடுகிறார்கள்.

பச்சிளங்குழந்தை பால் குடித்ததும் கண் சொக்குவதற்கு இதுவே காரணம் என்று சில விளம்பரங்களில் எழுதுகிறார்கள். குழந்தையின் வயிற்றில் அமிலமும் பெப்சினும் குறைவு என்பது உண்மைதான். ஆனால் தாய்ப்பாலில் ஆல்பா எஸ்1 கேசீன் மிகச் சிறிதளவே உண்டு, அங்கே பீட்டா கேசீன்தான் மிகுதி. தாயின் மடியில் குழந்தை உறங்குவதற்குச் சூடு, வயிறு நிறைவு, இதயத் துடிப்பின் ஒலி என்று எத்தனையோ உண்டு. அதை ஒரு பசுப் புரதத் துண்டின் கணக்கில் எழுதுவது எனக்கு உறுத்துகிறது.

இரவில் பால் குடிப்பதை நான் குறை சொல்லவில்லை. பிடித்தால் குடியுங்கள். அதைக் கேப்சூலின் மாற்றாக மட்டும் எண்ண வேண்டாம்.

—

சான்றுதேடி எழுதியது:

எலி, சுண்டெலி எல்லாம் சரி. மனிதர்களிடம் என்ன கண்டார்கள் என்பதற்கு வருவோம். நான் படித்தவற்றில் முக்கியமானவை மூன்று.

முதலாவது 2005-இல் வந்தது. 42 ஆண்கள், எல்லோரும் நலமானவர்கள். மனத்தைத் திணறடிக்கும் ஒரு சோதனையும், கையைப் பனிபோல் குளிர்ந்த நீரில் வைத்திருக்கும் ஒரு சோதனையும் கொடுத்தார்கள். கேசீன் தூள் எடுத்தவர்களுக்கு இரத்த அழுத்தம் குறைவாக ஏறியது, மன அழுத்தத்தில் சுரக்கும் கார்டிசால் இறங்கியது. எதிரணிக்குக் கொடுத்தது கொழுப்பு நீக்கிய பால் பொடி. அது சாமர்த்தியமான ஒப்பீடு என்பேன்: பாலுக்கும் வெட்டிய பாலுக்கும் வேறுபாடு உண்டா என்றே அது கேட்கிறது.

இரண்டாவது 2007. மன அழுத்தத்தால் வரும் உபாதைகள் உள்ள 63 பெண்கள், தினம் 150 மி.கி., 30 நாட்கள். பிறகு அணியை மாற்றி மருந்துப்போலி, அதாவது மருந்து இல்லாத வெற்றுக் கேப்சூல். செரிமானம், மனநிலை, பழகும் விதம் எனப் பலவற்றிலும் முன்னேற்றம் சொன்னார்கள். ஆனால் அவை அவர்களே மதிப்பெண் போட்டவை.

மூன்றாவது தூக்கத்தைப் பற்றியது, 2019. தூக்கம் சரியில்லாத 48 பேர், 300 மி.கி., நான்கு வாரங்கள், இதுவும் அணி மாற்றும் முறை. படுக்கையில் கிடந்த நேரத்தில் எவ்வளவு நேரம் உண்மையில் உறங்கினார்கள் என்ற விகிதம் மேம்பட்டது.

மூன்றையும் கூட்டினால் 153 பேர். ஒரு திருமண மண்டபத்தின் முன்பாதி நிரம்பாது. நீண்ட நாள் பதற்ற நோயாளிகளையோ, தூக்க மாத்திரையிலிருந்து விடுபடுபவர்களையோ இந்த மூன்றும் சோதிக்கவில்லை. மன அழுத்தம் தணிக்கும் என்று விளம்பரம் செய்ய அனுமதி கேட்டு ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையத்திடம் போனபோது, 2011-இல் அந்த ஆணையம் காரண-விளைவுத் தொடர்பு நிறுவப்படவில்லை என்று சொல்லிவிட்டது. இணைய விற்பனைப் பக்கம் ஒன்றில் 'முதல் இரவிலேயே ஆழ்ந்த உறக்கம்' என்று பார்த்தேன். கோபம் வந்தது. தூக்கத்தில் நன்மை கண்ட ஆய்வே நான்கு வாரம் கொடுத்துத்தான் கண்டது. தூங்காமல் வாடும் ஒருவரிடம் முதல் இரவு என்று வாக்குக் கொடுப்பது கொடுமை.

—

தென்றல்மொழி எழுதியது:

மேற்கோள்: "அவர்களே மதிப்பெண் போட்டவை"

அப்படியென்றால் நான் நன்றாகத் தூங்கியது வெறும் நினைப்பா? என் தூக்கத்தை என்னைவிட யார் அறிவார்?

—

சான்றுதேடி எழுதியது:

இல்லை சகோதரி, அப்படிச் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். நீங்கள் தூங்கினீர்கள். அது மெய். அந்தத் தூக்கத்தைக் கொடுத்தது கேப்சூலா, புதிய வீட்டுக்கு மூன்றாவது வாரத்தில் உடம்பு பழகியதா, தினம் ஒரே நேரத்தில் ஒன்றை விழுங்கி விளக்கை அணைக்கும் ஒழுங்கா என்பதைத்தான் ஒருவரின் அனுபவத்திலிருந்து பிரிக்க முடியாது. தூக்கமின்மை ஏறி இறங்கும் ஒன்று. மிக மோசமான வாரத்தில்தான் நாம் புதிதாக ஒன்றைத் தொடங்குகிறோம். அடுத்த வாரம் எப்படியும் சற்று நன்றாகவே இருக்க வாய்ப்பு அதிகம். அதற்காகத்தான் மருந்துப்போலி அணி.

—

தென்றல்மொழி எழுதியது:

புரிகிறது. மூன்றாவது வாரத்தில்தான் பெட்டிகளை எல்லாம் பிரித்து முடித்தோம். இப்போதுதான் அது நினைவுக்கு வருகிறது. ஆனாலும் மறுபடி அப்படி ஒரு காலம் வந்தால் எடுத்துக்கொள்வேன், ஏனென்றால் எனக்கு அதனால் கெடுதல் எதுவும் நேரவில்லை.

—

சான்றுதேடி எழுதியது:

அந்த முடிவில் எனக்கு மறுப்பு இல்லை.

—

கார்முகில் எழுதியது:

கெடுதல் இல்லை என்ற சொல்லைக் கண்டதும் எழுத வந்தேன். பெரும்பாலானவர்களுக்கு இல்லை. என் மகனுக்கு உண்டு.

அவனுக்குப் பால் ஒவ்வாமை. பாலில் உள்ள சர்க்கரை செரிக்காத லாக்டோஸ் பிரச்சினை அல்ல, புரத ஒவ்வாமை. தேர்வு நேரத்தில் அவன் தூங்காமல் புரண்டதைக் கண்டு, மூலிகை வரிசையில் இருந்த ஒரு குப்பியை உறவினர் ஒருவர் அன்போடு வாங்கி வந்தார். முன்பக்கம் முழுக்க நிலாவும் மேகமும். 'லாக்டோஸ் இல்லை' என்று பச்சை எழுத்தில் பெரிதாக இருந்தது. குப்பியைத் திருப்பினேன். மடிப்பு விழுந்த ஓரத்தில், கண்ணாடி போட்டும் எட்டாத எழுத்தில், 'நீராற்பகுத்த கேசீன்' என்று இருந்தது. கேசீன் என்ற ஒரு சொல் எனக்குத் தெரிந்திருந்ததால் அவன் தப்பித்தான்.

லாக்டோஸ் இல்லை என்றால் பால் புரதம் இல்லை என்று பொருளாகாது. வெட்டிய புரதம் என்பதால் ஒவ்வாமை வராது என்றும் எண்ணாதீர்கள். குழந்தைகளுக்கென்று தீவிரமாக வெட்டிய சிறப்புப் பால்மா வேறு, இந்தத் தூள் வேறு. பால் ஒவ்வாமை உள்ளவர்கள் இதன் பக்கமே போகக் கூடாது.

—

புரதப்பித்து எழுதியது:

அக்கா எழுதியது முற்றிலும் சரி. பத்து மணிகளைவிட நீளமான துண்டுகளும் அந்தத் தூளில் இருக்கும், ஒவ்வாமையைத் தூண்ட அவை போதும். லாக்டோஸ் மட்டும் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குப் பொதுவாகச் சிக்கல் இராது, ஆனாலும் அட்டையைப் படித்துக்கொள்ளுங்கள்.

—

நாலுகால்நண்பன் எழுதியது:

கால்நடை மருத்துவன் நான். இதே பொருளை நாங்கள் நாய், பூனைகளுக்குப் பல ஆண்டுகளாகக் கொடுத்துவருகிறோம், சில்கீன் என்ற பெயரில் வருகிறது. 2007-இல் வெளியான ஓர் ஆய்வில் 34 பூனைகளுக்கு 56 நாட்கள் கொடுத்துப் பார்த்தார்கள். அந்நியரைக் கண்டு ஒளிவது, தொட்டால் பதறுவது போன்றவற்றில் மருந்துப்போலி பெற்ற பூனைகளைவிட முன்னேற்றம் இருந்தது.

விலங்குக்குத் தான் என்ன விழுங்கியது என்று தெரியாது, ஆகவே இது வெறும் நம்பிக்கையின் விளைவு அல்ல என்று சிலர் வாதாடுவார்கள். நானும் தொடக்கத்தில் அப்படித்தான் பேசினேன். பிறகு ஒன்றைக் கவனித்தேன். இடி இடித்தால் கட்டிலடியில் புகுந்து சுவரைப் பிறாண்டும் ஒரு நாயை அழைத்து வந்தார்கள். கேப்சூல் தொடங்கிய பின் வீட்டுக்காரரின் குரலே மாறிவிட்டது. முன்பு நாய் நடுங்கினால் அவரும் பதறி அதன் பின்னால் தவழ்வார். இப்போது கேப்சூல் கொடுத்திருக்கிறோம் என்ற தைரியத்தில் அமைதியாக உட்கார்ந்திருக்கிறார். நாய் அவரைப் பார்த்து அடங்கியதா, மருந்தால் அடங்கியதா? நடத்தையை மதிப்பிட்டுச் சொல்பவரும் அவரேதான்.

இன்றும் இலேசான பதற்றத்துக்கு எழுதிக் கொடுக்கிறேன், சில நாட்கள் முன்கூட்டியே தொடங்கச் சொல்கிறேன். கடித்துக் குதறும் அளவுக்கு அச்சம் உள்ள விலங்குக்கு இதை மட்டும் நம்புவதில்லை.

—

இராப்பணி எழுதியது:

என் சங்கதி வேறு. வாரம் மூன்று இரவு வேலை. பகலில் தூங்க வேண்டும். பதற்றம் எல்லாம் இல்லை, வெயில் ஏறினால் தூக்கம் கலைந்துவிடுகிறது. எனக்கு உதவுமா?

—

மருந்தகத்தார் எழுதியது:

உங்களுக்கு இருப்பது உடலின் கடிகாரச் சிக்கல், தம்பி. மனம் அலைபாய்வதைத் தணிக்கும் பொருள் கடிகாரத்தைத் திருப்பாது. கனத்த திரை, வேலை முடிந்து வரும் வழியில் கறுப்புக் கண்ணாடி, பணியின் பின்பாதியில் காபியைத் தவிர்ப்பது, இவற்றிலிருந்து தொடங்குங்கள். உரக்கக் குறட்டை விடுகிறீர்கள், மூச்சு நின்று திணறி எழுகிறீர்கள் என்று வீட்டில் யாராவது சொன்னால், எந்தக் கேப்சூலும் வேண்டாம், முதலில் மூச்சுத்தடைச் சோதனை செய்துகொள்ளுங்கள்.

இழையைத் தொடங்கிய சகோதரிக்கு இன்னொன்று. அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் நாட்பட்ட தூக்கமின்மைக்கு முதல் சிகிச்சையாகச் சொன்னது மாத்திரையை அல்ல, தூக்கமின்மைக்கான அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையை. பெயர் பெரிது, செய்வது எளிய காரியங்கள், ஆனால் கடினமானவை. தினம் ஒரே நேரத்தில் எழுவது, முந்தைய இரவு எப்படிப் போயிருந்தாலும். தூக்கம் வந்தால் மட்டும் படுப்பது. இருபது நிமிடம் போல் புரண்டும் வராவிட்டால் எழுந்து வேறு அறைக்குப் போவது. படுக்கையில் பாடத்தாள் திருத்தக் கூடாது, கைப்பேசி பார்க்கக் கூடாது. ரிச்சர்ட் பூட்சின் 1972-இலேயே வகுத்த முறை இது. படுக்கையைக் கண்டதும் விழிப்பு வரும்படி மனம் பழகிவிட்டது, அந்த முடிச்சை அவிழ்க்கும் வேலை. முதல் இரண்டு வாரம் பகலில் தலை சுற்றும்படி களைப்பு வரும், வண்டி ஓட்டுபவர்கள் கவனமாக இருக்க வேண்டும்.

கேப்சூல் வேண்டுமென்றால் மருத்துவரிடம் சொல்லிவிட்டு எடுங்கள். கருவுற்றவர்களும் பாலூட்டுபவர்களும் கேட்காமல் எடுக்க வேண்டாம்.

—

உறங்காவிழி எழுதியது:

எட்டு மாதங்கள் கழித்து வருகிறேன். மறந்துவிடவில்லை. சொல்லும்படி ஏதாவது இருக்கும்போது வரலாம் என்று காத்திருந்தேன்.

மருத்துவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், மூன்று ஆண்டுகள் நானே நீட்டியதையும், அந்த 'ழ'வையும். அவர் திட்டவில்லை. ஆறு மாதத்தில் 0.5-இலிருந்து 0.25-க்கு வந்திருக்கிறேன். நடுவில் ஒரு முறை குறைத்தபோது நான்கு நாட்கள் தோள்பட்டையில் எறும்பு ஊர்வது போலிருந்தது. அடுத்த படிக்கு அவசரப்படாமல் அங்கேயே ஆறு வாரம் நிறுத்தினார். கேப்சூலைப் பற்றிக் கேட்டேன். 'ஒரே நேரத்தில் இரண்டை மாற்றினால் எது என்ன செய்தது என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அளவு நிலையாக இருக்கும்போது எடுத்துப் பாருங்கள்' என்றார்.

அப்படியே 0.25-இல் இரண்டு மாதம் நின்றபோது 300 மி.கி. நான்கு வாரம் எடுத்தேன். தினம் காலையில் ஒரு நோட்டில் எழுதினேன். எடுப்பதற்கு முந்தைய நான்கு வாரங்களில் தூங்கத் தொடங்கச் சராசரியாக 50 நிமிடம் ஆனது. எடுத்த நான்கு வாரங்களில் 38 நிமிடம். நோட்டைப் பார்த்து மகிழ்ந்தேன். பிறகு சான்றுதேடி எழுதியது நினைவுக்கு வந்து தேதிகளைப் பார்த்தேன். அந்த நான்கு வாரத்தில் மூன்று வாரம் பள்ளி விடுமுறை.

—

சான்றுதேடி எழுதியது:

இந்தப் பதிவைப் படித்ததில் எனக்கு எவ்வளவு மகிழ்ச்சி என்று சொல்லத் தெரியவில்லை, சகோதரி. மறுபடி சோதிப்பீர்களா?

—

உறங்காவிழி எழுதியது:

ஆம். இப்போது பள்ளி நடக்கிறது, கேப்சூல் இல்லாமல் நான்கு வாரம் போகிறது. அடுத்த நான்கு வாரம் கேப்சூலோடு. பலன் இருந்தால் கொஞ்ச நாள் வைத்துக்கொள்வேன், இல்லையென்றால் விட்டுவிடுவேன். அதை நம்பித்தான் மாத்திரையை விட வேண்டும் என்ற நிலையில் இப்போது நான் இல்லை.

—

தென்றல்மொழி எழுதியது:

அக்கா, மருந்தகத்தார் ஐயா சொன்ன அந்த எழுந்து போகும் முறை எப்படி இருந்தது? எனக்கு அதை நினைத்தாலே அலுப்பாக இருக்கிறது.

—

உறங்காவிழி எழுதியது:

முதல் பத்து நாள் அழுகை வந்தது தங்கையே. நடுச்சாமத்தில் கூடத்து நாற்காலியில் தனியாக உட்கார்ந்து துணிகளை மடிப்பேன். ஒரு வாரத்தில் வீட்டில் மடிக்கத் துணியே இல்லாமல் போனது. மடித்ததைக் கலைத்து மறுபடி மடித்தேன். பதினொன்றாம் நாளோ பன்னிரண்டாம் நாளோ, கையில் பாதி மடித்த சேலையோடு கண் சொக்கியது. எழுந்து போய்ப் படுத்தேன். அவ்வளவுதான் நினைவிருக்கிறது.

கடிகாரத்தையும் படுக்கையறையிலிருந்து எடுத்துவிட்டேன். அதனால் நேற்றைய பக்கத்தில் 'ஒரு முறை விழித்தேன், நேரம் தெரியாது' என்று மட்டும் எழுதியிருக்கிறேன்.